பார்க்காத ஊருக்கு நான் செய்த அறிமுகம்

பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் ஜோசியரைப் பார்ப்பார்கள், சிலர் பிள்ளைகளைத் திட்டுவார்கள். நான் படிப்பேன். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை விரித்து, பக்க விளைவுகள் அத்தனையையும் படித்து முடித்த பிறகுதான் பிள்ளைக்குக் கொடுப்பேன். (அதற்குள் காய்ச்சலே தானாக இறங்கிவிடும் என்பது என் மனைவி கமலாவின் கட்சி.) போதாக்குறைக்கு நான் மாநில அரசு அலுவலகத்தில் ஒரு பிரிவின் கண்காணிப்பாளர். ஒரு சுற்றறிக்கை வந்தால் அதன் இணைப்பு, இணைப்பின் அடிக்குறிப்பு வரை உரக்கப் படித்து, பிரிவில் உள்ள அத்தனை பேரையும் கேட்க வைத்தே பழக்கப்பட்டவன். பாதியில் நிறுத்துவது என்பது என் வரையில் பொய் சொல்வதற்குச் சமம்.

இப்படிப்பட்ட ஒருவன் கையில் ஒரு ஜப்பானிய நகரத்தின் கையேட்டைக் கொடுத்து, நாலு பேருக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்று எழுப்பி நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை, தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் ஓரத்துப் பொம்மனஹள்ளியில் ஐந்து குடும்பங்கள் நேரில் கண்டன. அதில் ஒன்று என்னுடையது.

அந்த நகரத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அது எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நான்தான் அதற்குச் செய்தேன்.

என் மகள் சுதா அப்போது ஓசூர் ரோட்டில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். அவர்களுக்கு ஜப்பானில் ஒரு கூட்டாளி நிறுவனம். அங்கே ஆறு மாதப் பயிற்சிக்கு சுதாவையும், அவளுடைய பிரிவில் வயர் கட்டும் நான்கு பெண்களையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐந்து பேரும் சேர்ந்து போனால்தான் பயிற்சி. ஒருத்தி பின்வாங்கினாலும் அந்த இடம் வேறு ஊர்த் தொழிற்சாலைக்குப் போய்விடும். சுதா இரண்டு மாதமாகத் தூக்கத்தில்கூட ஜப்பானிய மொழியில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் தடுக்கவில்லை. (எங்கள் வீட்டில் தீர்மானங்கள் என் பார்வைக்கு வருவது தகவலுக்காக மட்டுமே.) ஆனால் அலுவலக அட்லஸில் அந்த ஊரைத் தேடிப் பிடித்து, கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் சுதா வந்து கேட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை பேரண்ட்ஸை எல்லாம் ஃபேக்டரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அந்த ஊரைப் பத்தி ஒரு சின்ன இன்ட்ரொடக்‌ஷன். தமிழ்லயும் கன்னடத்துலயும் சொல்றதுக்கு ஆள் வேணுமாம். எங்க மேனேஜர் உங்களைக் கேட்டார்."

"நான் அந்த ஊருக்குப் போனதே இல்லையேம்மா."

"யாருமே போனதில்லப்பா. அந்த ஊர் முனிசிபாலிட்டியே இங்கிலீஷ்ல ஒரு புக் போட்டிருக்கு. பார்த்து நல்லதா பத்து நிமிஷம் சொன்னா போதும். மத்த வீட்ல எல்லாம் இன்னும் அரை மனசாத்தான் இருக்காங்க."

"எல்லாத்தையும் படிச்சிட்டு நிக்காதீங்க" என்றாள் கமலா, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. "எது வேணுமோ அதை மட்டும் சொல்லுங்க."

"எது வேணும்னு எல்லாத்தையும் படிச்சாத்தானே தெரியும்?"

கமலா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். கத்தியின் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமானது.

ஒரு வாரம் அந்தக் கையேட்டோடு குடித்தனம் நடத்தினேன். வெளிநாட்டிலிருந்து குடியேறுகிறவர்களுக்காக அந்த ஊர் நகராட்சி அச்சிட்டது. நூலகம், பூங்கா, நீச்சல் குளம், டிராம் வண்டி நிற்குமிடங்கள், குப்பை வைக்கும் நாட்கள், எல்லாவற்றுக்கும் படம், வரைபடம், திறக்கும் நேரம், அடைக்கும் நேரம். முப்பது வருடமாக அரசாங்கத் தாள்களோடு மாரடித்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு ஒழுங்கான வெளியீட்டை நான் கண்டதில்லை. எந்தப் பக்கத்தை விடுவது? எல்லாப் பக்கமும் எனக்கு மரியாதையாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை கேன்டீனில் நாற்காலிகளைப் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் உப்புமாவும் கேசரியும் ஒரே தட்டில் வைத்த சௌ சௌ பாத்தும் காப்பியும் கொடுத்தார்கள். முதல் வரிசையில் கன்னியம்மா. அவருடைய மகள் செல்வி வயர் கட்டுவதில் பிரிவிலேயே முதலாவது. பக்கத்தில் நூர்ஜஹான் என்ற பெண்ணின் அப்பா, பொம்மனஹள்ளியிலேயே சைக்கிள் கடை வைத்திருப்பவர். மற்ற இரண்டு வீட்டார் பின்னால். ஓரத்தில் கூட்டாளி நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஒகாவா என்ற ஜப்பானியர், முழங்கால் மேல் கை வைத்து, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். தமிழும் கன்னடமும் தெரியாது. அதனால் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என்ற முடிவோடு வந்திருந்தார்.

மேனேஜர் என் தோளைத் தட்டி, "ஸ்வல்ப சிம்பிளா சொல்லிடுங்க சார்" என்றார்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மலை மேல் ஒரு கோட்டை, கீழே ஆறு, ஊர் நடுவில் டிராம். நூலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் புத்தகம் எடுக்கலாம் என்றேன். யாரும் அசையவில்லை. பூங்காக்களில் பொதுக் கழிப்பறைகள் உண்டு, தினமும் கழுவுவார்கள் என்றேன். பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கன்னியம்மா கை தூக்கினார்.

"சார், அங்க தண்ணி எத்தினி மணிக்கு வருது?"

நியாயமான கேள்வி. குடிநீர் என்ற பக்கத்தைப் புரட்டினேன். கட்டணம் எங்கே கட்டுவது என்று இருந்தது, பனிக்காலத்தில் குழாய் உறைந்தால் என்ன செய்வது என்று இருந்தது. நேரம் மட்டும் இல்லை.

"தண்ணீர் வரும் நேரம் எதுவும் குறிப்பிடப்படவில்லை" என்றேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் ஊர் இது. நேரம்கூடச் சொல்லாத ஊருக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது? (எந்நேரமும் வருவதால்தான் நேரம் போடவில்லை என்பது எனக்கும் அப்போது தோன்றவில்லை. நானும் பெங்களூர்க்காரன்தானே.)

தூரத்தில் சுதா கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினாள். பேச்சை முடியுங்கள் என்று அர்த்தம். குரல் கம்முகிறது என்கிறாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து இன்னும் உரக்கப் பேசினேன்.

குப்பைக்கு வந்தேன். எரியும் குப்பை ஒரு நாள், எரியாத குப்பை ஒரு நாள், கண்ணாடி ஒரு நாள், பழைய தாள் ஒரு நாள். மாற்றி வைத்தால் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

"யார் வூட்டுதுன்னு எப்டி சாப் தெரியும்?" என்றார் நூர்ஜஹானின் அப்பா.

"பையின் மேல் பெயர் எழுத வேண்டுமாம்."

"யா அல்லா! குப்பைக்குப் பேரா?" என்று அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். வெங்காயத் தோலோடு தன் குடும்பப் பெயர் நாற்சந்தியில் கிடப்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டது தெரிந்தது.

அடுத்தது பொதுக் குளியல் கூடம். அழகான மரக் கட்டடம், வெந்நீர்த் தொட்டி. "தொட்டிக்குள் எந்த ஆடையும் அணிந்து இறங்கக் கூடாது" என்று தமிழில் சொல்லி, விடுபடக் கூடாதே என்று கன்னடத்திலும் சொன்னேன். மேனேஜரின் கரண்டி கீழே விழுந்தது. பெண்களுக்குத் தனிக் கூடம் என்பதும், விருப்பப்பட்டவர்கள் மட்டும் போகலாம் என்பதும், தங்கும் விடுதியிலேயே குளியலறை உண்டு என்பதும் மறுபக்கத்தில் இருந்தன. நான் பக்கத்தைத் திருப்பியபோது என் குரலை யாரும் கேட்கும் நிலையில் இல்லை.

இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். இன்று வரைக்கும் கமலா இந்த இடத்தைத்தான் சொல்வாள். ஆனால் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது.

பூகம்பம் வந்தால் விடுதிக்கு எதிரே உள்ள பள்ளி மைதானத்தில் கூடவேண்டும், ஒரு பையில் தண்ணீர், டார்ச், பிஸ்கட் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். பிறகு கடைசிப் பக்கம். அதிலும் ஒரு கட்டடத்தின் படம், சுற்றிலும் மரங்கள். ஓட்டத்தில் நின்று யோசிக்கவில்லை. யோசிக்காமல், நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"நகராட்சியின் தகன மேடை இங்கே உள்ளது. முன்பதிவு அவசியம். நகரத்தில் குடியிருப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு."

இதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த ஒகாவா அந்தப் படத்தை அடையாளம் கண்டுகொண்டு முகம் மலர்ந்து எழுந்தார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

"நியூ பில்டிங்" என்றார் பெருமையோடு. "வெரி கொயட். நோ ஸ்மோக்."

கன்னியம்மா எழுந்தார்.

"செல்வி, வாடி. கெளம்பற புள்ளைங்கள எதிர்ல குந்த வெச்சிக்கினு சுடுகாட்டுக்கு வழி சொல்றாரு இந்த மனுசன். அதுல சலுக வேறயாம், சலுக!"

நூர்ஜஹானின் அப்பாவும் எழுந்தார். ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் எழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்த ஒகாவா, வாசலுக்கு ஓடி நின்று, வெளியேறிய ஒவ்வொருவருக்கும் இடுப்பை வளைத்து நன்றி சொன்னார். கன்னியம்மா அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சுதா என்னோடு ஸ்கூட்டரில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தாள். வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்.

"நான் போகக் கூடாதுன்னு வேணும்னே பண்ணீங்களாப்பா?"

"இல்லம்மா. எழுதியிருந்ததைப் படிச்சேன்."

"செல்வி வீட்ல, நூர்ஜஹான் வீட்ல ரெண்டு பேரும் முடியாதுன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க சம்மதிக்கலைன்னா எல்லாம் கேன்சல்."

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. உள்ளே போய், சுவரில் ஒட்டியிருந்த ஜப்பானிய எண்கள் எழுதிய தாளைப் பிய்க்கப் போனவள், பிய்க்காமல் வந்து சாப்பிட உட்கார்ந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு கமலாவை அழைத்துக்கொண்டு, எங்கள் பிரேசர் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். ("கையேட்டை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டு, வாங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள் கமலா.) தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரே அறை வீடு. செல்வி நாற்காலி போட்டாள். அம்மா எங்களைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நல்லதை மட்டும் சொல்வது என்று சத்தியம் செய்துகொண்டு போயிருந்தேன். சொன்னேன். தண்ணீர் எந்நேரமும் வரும் என்று மேனேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். கரண்ட் போகாது. ராத்திரியில் பெண்கள் தனியாக நடந்து வரலாம். டிராம் சொன்ன நேரத்துக்கு வரும். தொலைந்த குடை திரும்பக் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் சுத்தம், கடையில் மரியாதை, சாலையில் ஒரு குழி கிடையாது. எனக்கே அந்த ஊர் மேல் ஆசை வந்துவிட்டது.

கன்னியம்மாவின் கை முறத்தில் நின்றது.

"அப்டிப்பட்ட ஊர வுட்டுட்டு, இந்தக் கொசுக்கடிக்கு அவ இன்னாத்துக்கு சார் திரும்பி வருவா?"

பூகம்பம், குழாய் உறைவது, குப்பைச் சீட்டு என்று அந்த ஒரு வாரத்தில் நான் பயப்படாத பயம் கிடையாது. இது மட்டும் கையேட்டில் இல்லாததால் என் மண்டையில் ஏறவே இல்லை. ஏறியதும் உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துவிட்டது.

"இன்னா சார், மூஞ்சி இப்டி ஆயிப்போச்சு?"

"அவரு இதை யோசிக்கலைங்க" என்றாள் கமலா. "இப்பதான் யோசிக்கிறார். இன்னும் ஒரு வாரம் வீட்ல தூக்கம் கிடையாது."

கன்னியம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அரிசி சிதற, உடம்பு குலுங்கச் சிரித்தார். செல்வியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அடப்பாவமே, உங்களுக்கும் பயம் கீதா! நானு இவரு தகிரியமா நின்னு பேசறாரேன்னு இல்ல பயந்துக்கினேன்! உங்க பொண்ணும்தானே சார் போவுது?"

"ஆமாங்க."

"உங்க வூட்ல போன் கீதா?"

"இருக்கு."

"அப்ப ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம நாங்க அங்க வருவோம். புள்ளைங்க அஞ்சும் அந்த நம்பருக்குத்தான் பேசணும். எங்க கீது, எங்க போச்சு, இன்னா துன்னுச்சுன்னு நீங்கதான் சொல்லணும். ஊரு பூரா உங்களுக்குத்தான் மனப்பாடமா தெரியுதே! நூர்ஜஹான் அப்பன நான் பாத்துக்கறேன்."

ஐந்து பேரும் போனார்கள். விமான நிலையத்தில் நான் பேச அனுமதிக்கப்படவில்லை. கமலா என் வாயில் ஒரு லவங்கத்தைப் போட்டு, "இதை மென்னுக்கிட்டே நில்லுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை என் வீடு அந்த ஜப்பானிய நகரத்தின் பெங்களூர்க் கிளையாக இயங்கியது. நான்கு குடும்பமும் டெலிபோனைச் சுற்றி உட்காரும். வரைபடம் மேஜை மேல் விரிந்திருக்கும். "சார், செல்வி பல் டாக்டராண்ட போனாளாமே, அது எங்க?" "நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால், பாலம் தாண்டி வலது கை." "சாப், இவ ஏதோ பார்க்குக்குப் போறாளாம்." "ஆற்றங்கரைப் பூங்கா. ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்கள்." என் சொந்த ஊரில் பக்கத்திலிருக்கும் சிவாஜி நகருக்குப் போவதற்கே பஸ் நம்பர் கேட்பவன் நான். அங்கே எந்தத் தெருவில் தபால் பெட்டி இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் யாரும் அந்த நகரத்தின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். "உங்க ஊர்" என்பார்கள். "உங்க ஊர்ல இன்னிக்கு மழையாம்."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு முன்பே போன் அடித்தது. சுதா.

"அப்பா, பயப்படாதீங்க. காலையில பூகம்பம் வந்துச்சு."

அதன் பிறகு அவள் சொன்னது என் காதில் விழவில்லை. ரிசீவரைக் கமலாதான் பிடுங்கிக் கேட்டாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது.

நடந்தது இதுதான். ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் கடகடத்திருக்கிறது. அங்கே அது வாரா வாரம் வரும் விருந்தாளி மாதிரி. விடுதியில் ஒருவரும் போர்வையை விலக்கவில்லை. நம் பெண்கள் ஐந்து பேர் மட்டும், நான் கேன்டீனில் விரல் வைத்துக் காட்டியபடி, தண்ணீர், டார்ச், பிஸ்கட் பையோடு எதிரே இருந்த பள்ளி மைதானத்துக்கு ஓடி, ஒரே வரிசையில் நின்றிருக்கிறார்கள். மழைத் தூறல் வேறு. அந்த நகரத்தில் அன்று அங்கே கூடியவர்கள் அவர்கள் ஐவர் மட்டும்தான். ஜன்னல்களிலிருந்து ஜப்பானியர்கள் வேடிக்கை பார்த்தார்களாம். ஒரு கிழவர் குடை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கை கூப்பி வணங்கிவிட்டுப் போனாராம்.

குடும்பங்கள் வந்து சேர்ந்ததும் கமலா விஷயத்தைச் சொன்னாள். நல்ல வேளை, நான் சொல்லிவைத்திருந்தேன் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

"எல்லாம் உங்க வாய் முகூர்த்தம் சார்" என்றார் கன்னியம்மா. "அன்னிக்கி நீங்க பூகம்பம்னு சொன்னீங்க. பாருங்க, வந்துடுச்சி."

நூர்ஜஹானின் அப்பா மெதுவாக, "அதுக்கு அடுத்த பக்கத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அறையில் எல்லோருக்கும் அடுத்த பக்கம் ஞாபகம் வந்தது.

கன்னியம்மா எழுந்தார். மேஜை மேலிருந்த கையேட்டை மூடி, முந்தானையால் துடைத்து, எங்கள் சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். (அது சரியான இடம்தான் என்று நூர்ஜஹானின் அப்பாவும் ஒப்புக்கொண்டார்.) பெண்கள் திரும்பும்வரை அதை யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. வரைபடம் இல்லாமலே நான் கிளை அலுவலகத்தை நடத்த வேண்டியதாயிற்று.

ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள். கொஞ்சம் சதை போட்டு, குப்பைத் தொட்டி எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டு. செல்வியைப் பார்த்ததும் கன்னியம்மா அழுதார். பிறகு அவளைக் கூட்டி வந்து என் முன்னால் நிறுத்தி, "சரியா கீதான்னு பாத்துக்கோங்க சார், உங்க ஊர்லேர்ந்து வந்திருக்கா" என்றார்.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் ஒரு சட்டம் வந்துவிட்டது. யாராவது எங்காவது கிளம்பினால், "அப்பா வாயைத் திறக்கறதுக்குள்ள கிளம்புங்க" என்பதுதான் வழியனுப்பு வார்த்தை. மருமகன் முதல் தடவை கேட்டு முழித்தார். இப்போது அவரே சொல்கிறார். ரயில் டிக்கெட்டின் பின்பக்கம், மருந்துப் பெட்டியின் தாள், எதையும் நான் உரக்கப் படிக்கக் கூடாது.

சமீபத்தில் நானும் கமலாவும் மட்டும் திருச்செந்தூர் போயிருந்தோம். லாட்ஜ் அறைக் கதவின் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு. தீ விபத்து ஏற்பட்டால் என்று தொடங்கியது. நான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெருங்குவதற்குள், கமலா தன் ஈரத் துண்டை அதன் மேல் விரித்துப் போட்டுவிட்டு, "காபி குடிச்சிட்டு வரலாமா?" என்றாள்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன சமயம் துண்டை மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கிப் படித்தேன். அவசர வழி நடைக்கோடியில் இடது பக்கம். பூட்டியிருந்தால் சாவி வரவேற்பறையில். போய்ப் பார்த்தேன், பூட்டித்தான் இருந்தது. கீழே இறங்கி, வரவேற்பறைப் பையனிடம் பேசி, திறந்து வைக்கச் சொல்லிவிட்டு வந்து, துண்டைப் பழையபடி இழுத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

கமலா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "என்ன, சும்மா உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள்.

"சும்மாதான்" என்றேன்.